பெருக்க மறந்த ஐம்பது

நான் போட்டிருந்த சட்டையில் பித்தான் தைத்து முடித்த மனைவி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கக் குனிந்தாள். கீமோ தொடங்கியதிலிருந்து அவள் நகங்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன, கத்திரிக்கோலைக்கூட ஒழுங்காகப் பிடிக்க வரவில்லை. முகத்துக்கு நெருக்கமாக வந்த அவள் மூச்சில் பூண்டு வாடை அடித்தது.

"பூண்டு ஏதாவது சாப்ட்டியா?" என்றேன்.

"சோத்து வாடையே புடிக்காம கெடக்கறேன். பூண்ட எங்கேந்து சாப்டறது?"

உண்மைதான். எங்கள் வீட்டில் பூண்டு வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாளிக்கிற வாடை பட்டாலே அவளுக்கு வாந்தி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பும்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு பத்து நாள் நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டேன்.

நெய்வேலியில் தண்ணீர் சோதிக்கும் லேபில் நான் கெமிஸ்ட். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்து வெளியேற்றும் தண்ணீர், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையில் தேங்கும் தண்ணீர், குழாயில் வரும் தண்ணீர் என்று முப்பது வருஷமாகத் தண்ணீரோடுதான் பிழைப்பு. துத்தநாகம், ஆர்செனிக், செலினியம் இப்படித் துளியிலும் துளியாகக் கரைந்திருப்பவற்றை எண்ணாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. பிளாக்கில் என்னை 'லேப் சார்' என்பார்கள். யார் வீட்டிலாவது தண்ணீரில் மஞ்சள் படிந்தால் பாட்டிலில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

வாயும் அதிகம். காலை நடைக்கு வருகிறவர்களில் ஒருவர் அருகம்புல் சாறு குடிப்பதைப் பெருமையாகச் சொன்னபோது, "எந்த மாட்டோட போட்டி சார்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான். மனைவியின் மார்பில் கட்டி என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், எதிர் குவார்ட்டர்ஸ்காரர் முள்சீத்தா இலையை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்று அவருக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். "இதுல என்ன இருக்குன்னு தெரியுமா சார்? எவ்வளவு இருக்குன்னு தெரியுமா? அளந்து பாக்காம எங்க வீட்டுல ஒண்ணும் உள்ள போகாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மனிதர் இலையை வாசற்படியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனார். நல்ல மனசோடு வந்தவர். அதற்காகவும் வெட்கப்படுகிறேன், ஆனால் அது சின்ன வெட்கம்.

பெரிய வெட்கம் நான் படிக்க ஆரம்பித்ததில் தொடங்கியது. நோய் அவளுக்கு வந்தது, பயம் எனக்கு வந்தது. பயந்தவன் கோயிலுக்குப் போவான், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உணவில் இருக்கும் செலினியம் உடம்பின் செல்களைச் சிதையாமல் காக்கும் வேலையில் ஈடுபடுகிறது, அது குறைந்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய் அதிகம் வருவதாகத் தெரிகிறது என்று ஒரு கட்டுரையில் இருந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்தது. இது என் செலினியம். சாம்பல் குட்டைத் தண்ணீரில் முப்பது வருஷமாக நான் துரத்திக்கொண்டிருந்த அதே செலினியம். மற்றவர்களுக்குப் புரியாத ஒரு கதவு எனக்கு மட்டும் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். உடம்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவர்களுக்கு மாத்திரையாக மேலும் கொடுத்தால் பயன் இல்லை, கெடுதல்கூட வரலாம் என்று எழுதிய கட்டுரைகளும் அங்கேயே இருந்தன. அவற்றைப் பிறகு படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். லேபில் இப்படி வேண்டிய ரீடிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுகிற ஆளைப் பார்த்தால் நான் கிழித்துத் தொங்க விட்டிருப்பேன்.

அளக்காமல் எதுவும் உள்ளே போகாது என்று ஊரெல்லாம் சொன்னவன் அல்லவா? அதனால் அளந்தேன். ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சமையலில் இருந்து சோறு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டிலிருந்து வந்த முந்திரிப்பருப்பு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் லேபுக்கு எடுத்துப் போனேன். அலுவலக மெஷினில் வீட்டுச் சாப்பாட்டைச் சோதிப்பது தப்பு. பர்மனென்ட் ஆள், சீனியர், யார் கேட்கப் போகிறார்கள் என்கிற திமிர்.

அந்த மெஷினை ஓட்டுகிறவர் ஒரு கான்ட்ராக்ட் கெமிஸ்ட். நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற அம்மா, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் அவர் வேலையை நீட்டிக்கும் தாளில் என் கையெழுத்தும் வேண்டும். சாப்பாட்டை உலர்த்தி, பொடித்து, ஒரு கிராம் எடுத்து அமிலத்தில் கரைத்து, ஐம்பது மில்லி நீராக்கித் தந்தது எல்லாம் அவர்தான். ரீடிங்குகளை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணும் பரிதாபமாகச் சின்னதாக இருந்தது.

"சார், டைல்யூஷன் ஃபேக்டர்..." என்று அந்த அம்மா மெதுவாகத் தொடங்கினார்.

"எனக்குத் தெரியாதாம்மா? நீங்க பொறந்தப்பவே நான் டைட்ரேஷன் பண்ணிகிட்டு இருந்தேன்" என்றேன்.

அது பொய். அவர் பிறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவப் போய்விட்டார்.

அவர் சொல்ல வந்தது இதுதான். ஒரு கிராம் சாப்பாடு ஐம்பது மில்லியில் கலந்திருக்கிறது, ஆகவே மெஷின் காட்டும் எண்ணை ஐம்பதால் பெருக்கினால்தான் சாப்பாட்டில் உண்மையாக இருப்பது கிடைக்கும். கல்லூரிப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு. ஆனால் தண்ணீருக்கு அந்தப் பெருக்கல் கிடையாது. தண்ணீரை அப்படியே மெஷினுக்குக் கொடுப்போம், அது காட்டுவதுதான் விடை. முப்பது வருஷமாக மெஷின் காட்டியதை அப்படியே எழுதிப் பழகிய கை, சோற்றுக்கும் கீரைக்கும் அப்படியே எழுதியது. பழக்கம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. எனக்கு ஒருத்தர் எடுத்துச் சொன்னார், நான் வாயை அடைத்தேன்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றுகொண்டிருந்தவளிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். "பாத்தியா? நம்ம சாப்பாட்டுல செலினியமே இல்ல. இத்தன வருஷமா சத்தே இல்லாம சாப்ட்டிருக்கோம்." அவள் நோட்டைப் பார்க்கவில்லை, அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்தாள். நான் அப்போது மாத்திரை வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீமோ தொடங்கும் முன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: சத்து மாத்திரையோ நாட்டு மருந்தோ, எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நான் எல்லோருக்கும் முன்னால் தலையை ஆட்டினேன். அந்தக் கட்டுப்பாடு முள்சீத்தாக் கூட்டத்துக்கானது, எனக்கானது இல்லை என்று நினைத்தேன். ஆன்லைனில் செலினியம் மாத்திரை வரவழைத்தேன். பாட்டிலில் ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. பற்றாக்குறை பெரிதாக இருப்பதால் மூன்று என்று நானே முடிவு செய்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்டுத் தாள் ஒட்டி, அவள் விழுங்கியதும் டிக் அடித்தேன். "டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். "இது மருந்து இல்லம்மா, சாப்பாட்டுல இருக்க வேண்டியதுதான். எதுக்கு அவங்கள குழப்பணும்" என்றேன். நாளுக்கு மூன்று முறை கையை நீட்டி வாங்கி விழுங்கினாள்.

முடி கொட்டியது. அது எதிர்பார்த்தது. நகத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன, பிறகு உடைந்தன. விரல் நுனிகள் எறும்பு ஊறுகிற மாதிரி இருப்பதாகச் சொன்னாள். எல்லாம் கீமோ என்று நினைத்தோம், அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பூண்டு வாடை மட்டும் கீமோவில் சேராது. செலினியம் உடம்பில் அளவு மீறினால் மூச்சில் பூண்டு நாறும், நகமும் முடியும் போகும், கைகால் மரக்கும். எங்கள் லேபில் செலினியக் கரைசல் வைக்கும் அலமாரிக் கதவிலேயே இது எச்சரிக்கையாக ஒட்டியிருக்கிறது. ஒட்டச் சொன்னது நான்தான்.

பூண்டு வாடை அடித்த அன்று லேபில் முதல் வேலையாக நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் ஐம்பதால் பெருக்கினேன். சோற்றில் இருந்தது. முட்டையில் நன்றாகவே இருந்தது. முந்திரியில் தாராளமாக இருந்தது. எந்தக் குறையும் இல்லாத சாப்பாட்டின் மேல் தினமும் மூன்று மாத்திரையை நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

உடனே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போய் பாட்டிலை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். "மாத்திரை கோர்ஸ் முடிஞ்சுது" என்றேன். ஃப்ரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்தேன். நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

அதிலிருந்து நான்காம் நாள் அவளுக்குக் கீமோ. டாக்டரம்மா அவள் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பல இடத்தில் தெரியவில்லை.

"இவங்க உடம்பு இந்த மருந்தைத் தாங்கலை. இன்னைக்கு அளவைக் குறைச்சுத்தான் போடணும். அடுத்த முறையும் இப்படியே இருந்தா இந்த மருந்தையே நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வேற ஏதாவது குடுக்கறீங்களா? சத்து மாத்திரை, கஷாயம், எதாவது?"

"இல்லீங்க மேடம்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! மனைவி தரையைப் பார்த்தபடி இருந்தாள். அந்த மருந்துதான் அவள் வகை நோய்க்கு முக்கியமானது என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் குறைத்து அவள் நரம்பில் ஏற்றுவதை, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. எழுந்து போய் டாக்டரம்மாவிடம் சொல்ல நாற்பதடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. சொன்னால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைத்தான் யோசித்தேன். என் மனைவியின் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதற்குப் பிறகும் ஆறு நாள் கடத்தினேன். ஏழாம் நாள் மதியம் லேபில் அந்தக் கான்ட்ராக்ட் அம்மா, "மேடம் எப்டி சார் இருக்காங்க?" என்று கேட்டார். மருந்தைக் குறைத்துவிட்டார்கள், நகம் உடைகிறது, விரல் மரத்திருக்கிறது என்று பொதுவாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. செலினிய அலமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"மாத்திர குடுத்தீங்களா சார்?"

நான் மேசையில் இருந்த நோட்டை மூடி வைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"என் தப்பு சார்" என்றார் அவர். கண்ணில் தண்ணீர் நின்றது. "பெருக்கலன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். மறுபடி சொல்லியிருக்கணும். ரினிவல் டைம் வேற, நீங்க கோச்சுக்கினு கையெழுத்துப் போடாம வுட்டுட்டா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பதினோரு வருஷமாக எனக்கு ரீடிங் எடுத்துத் தந்தவர், நான் செய்த காரியத்துக்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். "உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா" என்று முனகினேன். அதை அன்று மேசையைச் சுற்றிச் சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நகம் இல்லாத விரலால் ஒரு கொத்தை உருவ அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பதைப் பற்றி, பூண்டு வாடையைப் பற்றி, டாக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றி. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் ஆக்கனதுல கொற எதுவும் இல்லியா?"

"இல்ல."

"நான் ஆக்கிப்போட்டதாலதான் எனக்கே இது வந்துதுன்னு நெனச்சிகினு இருந்தேன். பொண்ணுக்கும் அதத்தான போட்டு வளத்தேன், அவளுக்கும் வந்துடுமோன்னு ரெண்டு மாசமா பயந்துகினு கெடக்கறேன்."

எங்கள் பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு அடிக்கடி போன் செய்து, "டெஸ்ட் எடுத்தியா, எடுத்தியா" என்று இவள் ஏன் நச்சரித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று அடுப்படியில் நோட்டை விரித்தபோது நான் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதும் விளங்கியது. நான் அழுதேன். அவள் அழவில்லை. நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்றாள்.

மறுநாள் காலை பண்ருட்டி வழியாகப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்: நான் கொடுத்தேன் மேடம், நான் பொய் சொன்னேன் மேடம். டாக்டரம்மாவின் மேசையில் பாட்டிலை வைத்தேன்.

"மேடம், இத... கொஞ்ச நாளா சாப்ட்டிருக்காங்க" என்றேன்.

ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வெளியே வரவில்லை. அவர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். எத்தனை, எத்தனை நாளாக என்று கேட்டார், அதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "யாரு குடுத்தது இத?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

"நான்தாங்க மேடம்" என்றாள் என் மனைவி. "பக்கத்து வூட்டுல சொன்னாங்கன்னு நான்தான் அடம்புடிச்சி வாங்கியாரச் சொன்னேன். அவரு வேணாம் வேணாம்னுதான் சொல்லிகினு இருந்தாரு. அன்னிக்கி உங்ககிட்ட சொல்லாததும் எனக்குப் பயந்துதாங்க."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். செலினியம் உடம்புக்கு வேண்டியதுதான், ஆனால் சாப்பாட்டில் கிடைக்கிறவர்களுக்கு மேலே மேலே கொடுத்தால் பாதுகாப்பு அதிகமாகாது, விஷம்தான் அதிகமாகும் என்றார். உங்கள் கணவர் கெமிஸ்ட், அவர் பேச்சையாவது கேட்டிருக்க வேண்டாமா என்றார். நீங்கள் மறைத்ததால் நான் நல்ல மருந்தைக் குறைத்துவிட்டேன், அது உங்களுக்குத்தானே நஷ்டம் என்றார். அந்த அம்மா நல்ல டாக்டர். அக்கறையில்தான் கோபப்பட்டார். தலையில் முடி இல்லாமல், விரலில் நகம் இல்லாமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் மனைவி அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை மன்னிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "மொட்டத்தல நோயாளிய எவ்ளோ நேரம் திட்டிடுவாங்க?" என்று சிரித்தாள். "உங்கள திட்டியிருந்தா நீங்க ஒரு மாசம் சோறு திங்க மாட்டீங்க. அப்பறம் யாரு என்ன இழுத்துகினு இங்க வர்றது?"

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நாள் இடைவெளி விட்டு, மருந்தைப் பழையபடி முழு அளவில் கொடுத்து முடித்தார்கள். நகம் முளைத்தது, முடி சுருட்டையாக வளர்ந்தது. இப்போது சாதாரணமாகச் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள். குறைந்துபோன அந்த ஒரு முறை மருந்தால் ஏதாவது கெடுதல் நேர்ந்ததா இல்லையா என்பதை அளக்க எந்த மெஷினும் இல்லை என்கிறார்கள். அவள் இருமினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

பாட்டிலைக் கொண்டுபோன அன்று அவள் கேஸ் ஃபைலில் டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: நோயாளி தாமாகவே செலினியம் மாத்திரை எடுத்துக்கொண்டார். அதைத் திருத்தச் சொல்லி இதுவரை நான் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்குப் போகும்போது அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அவளைப் பார்த்துக் கேட்பார்: "இப்ப எதுவும் நீங்களா வாங்கிச் சாப்பிடறது இல்லையே?"

"இல்லீங்க மேடம், இனிமே செய்ய மாட்டேன்" என்பாள் அவள்.

"நீங்கதான் சார் இவங்களப் பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்வார். போன மாதமும் சொன்னார். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.